பால் ஒட்டிய ராக்கெட்

எங்கள் பள்ளிக்கூட சார் தவறிப் போய்விட்டார் என்று குழுவில் செய்தி வந்தபோது இங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இரவு மணி 10. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் அதே 10தான். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம் என்பதால், நான் ரொம்ப தூரம் வந்துவிட்டதாக ஒருநாளும் தோன்றியதில்லை. அது ஒரு சௌகரியமான பொய்.

பெயர் எதற்கு, ரோத்தான் பிரம்புக்கு எண்ணெய் தடவி வெயிலில் வைக்கும் சார் என்றாலே நம் ஆட்களுக்குத் தெரியும்.

1969, ஜூலை 21, திங்கட்கிழமை. மே மாத இனக் கலவரத்துக்குப் பிறகு பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்த காலம். அன்று தலைமையாசிரியர் அறை வானொலியைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். நம் நேரத்துக்குக் காலை பத்தரை வாக்கில் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். சாயங்காலமே ரப்பர் தோட்டத்து லய வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ராக்கெட் கட்ட இறங்கிவிட்டோம்.

மூங்கில் குழலில் நோட்டுத் தாளைச் சுற்ற வேண்டும். இறுக்கிச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும், தளர்ந்தால் காற்று ஓடிவிடும். தலையில் ஒரு கூம்பு, வாலில் சிகரெட் அட்டையில் மூன்று இறக்கை. பசைக்கு நமக்கா பஞ்சம்? அம்மாவின் வாளி அடியில் மிஞ்சிய ரப்பர் பால் போதும். பள்ளியில் தூக்கிப்போட்ட பழைய பந்தின் உள்பையில் குழலைச் செருகி, சைக்கிள் டியூப் நாடாவால் கட்டி, ஊதி, ராக்கெட்டை மாட்டி, பையின் மேல் இரண்டு காலாலும் குதிப்பது. என் ராக்கெட் பத்தடி ஏறும், அப்புறம் குட்டிக்கரணம் போட்டு விழும். ஒவ்வொரு தடவையும் அதேதான்.

அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையில் அது சாரின் காலடியில் விழுந்தது. எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய சிவப்பு மை. நல்ல தாளாக இருக்கிறதே என்று கட்டுரை நோட்டில் கிழித்தது என் புத்தி.

திங்கட்கிழமை சபையில் என்னை மேடையேற்றி, அதைப் படிக்கச் சொன்னார். தலைப்பு 'எனது இலட்சியம்'. இருபதுக்குப் பதினேழு வாங்கிய கட்டுரை. "நான் படித்து இதே பள்ளிக்கு ஆசிரியராக வருவேன். தோட்டத்துப் பிள்ளைகளை விட்டு எங்கும்..." அதற்கு மேல் எழுத்து இல்லை, பாலோடு உரிந்து போயிருந்தது. "அதையும் சேர்த்துப் படிடா" என்றார். "போக மாட்டேன்" என்றேன். "இலட்சியம் பத்தடிகூடப் போகலையே!" பள்ளியே சிரித்தது. ஆறாம் வகுப்புக்காரனுக்கு அழவும் முடியாது.

இதை நான் எத்தனையோ விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்று மாலை நடந்ததைச் சொன்னதே இல்லை. போன வாரம் பேரன் பின்முற்றத்தில் செய்த காகித ராக்கெட் அதே மாதிரி குட்டிக்கரணம் போட்டபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

பள்ளி விட்டதும் சார் என்னை நிறுத்திவைத்தார். பழைய கால அட்டவணைத் தாள் ஒன்றை அவரே குழலில் சுற்றினார். கூம்புக்குள் ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) உருண்டை ஒன்றை அழுத்தி, எடை சமமாக நிற்கும் இடத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினார். மூக்கு முன்னால் போனது. "கனம் முன்னால, இறக்கை பின்னால. உனக்கு எல்லாமே பின்னாலதான் இருக்கு." அப்புறம் சப்பாத்தைக் கழற்றினார், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார், குதித்தார். ராக்கெட் பலாமரத்தைத் தாண்டிப் போனது.

என் கட்டுரைத் தாள் அவர் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இடைநிலைப்பள்ளியில் ரிமூவ் என்ற புகுமுக வகுப்பு, பாரம் ஒன்று முதலான வகுப்புகள், பிறகு வெளிநாடு. அந்தப் பால்மரங்கள் நின்ற இடத்தில் இன்று செம்பனை. பேரனின் ராக்கெட் மூக்கில் களிமண் வைத்துக் கொடுத்தேன். வேலிக்கு அப்பால் பறந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டான். ஒரு வாத்தியார் என்றேன்.

நான் புறப்பட்ட அன்று சார் பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் வந்திருந்தார். "பேப்பரெல்லாம் பத்திரமா எடுத்துக்கிட்டியா?" என்று சன்னலோரம் கேட்டார். சான்றிதழைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஆமாங்க சார்" என்றேன். பஸ் நகர்ந்துவிட்டது.