கதவைத் தாண்டாத கொழுப்பு: ஓர் ஆய்வக அனுபவம்

எலியின் இதயத் தசையிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாக்கள் (எரிபொருளை எரித்து ஆற்றலாக்கும் செல் உறுப்புகள்) கொழுப்பை எவ்வளவு வேகமாக எரிக்கின்றன என்று அளந்து காட்டுவதே முதுகலை ஆய்வேட்டுக்காக எனக்குத் தரப்பட்ட வேலை. ஓய்வு நிலையில் இதயம் தன் ஆற்றலில் பாதிக்கும் மேல் கொழுப்பிலிருந்தே பெறுகிறது. ஒரு கிராம் மாவுச்சத்து ஏறத்தாழ 4 கிலோ கலோரி தர, கொழுப்போ 9 தருகிறது. இத்தனை விருப்பமான எரிபொருளை ஊற்றினால் போதும், மற்றதை மைட்டோகாண்ட்ரியா பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் தொடங்கினேன். ஏழு வாரம் ஆயிற்று.

மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுப்பதில் சிக்கல் இல்லை. தசையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் கத்தரியால் பொடியாக நறுக்கி, அரைத்து, மையவிலக்கியில் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சுழற்றினால் அடியில் பழுப்பு நிறத்தில் சிறு வில்லை ஒன்று படியும். அதைக் கரைசலாக்கி, ஆக்சிஜன் மின்முனை பொருத்திய சிறு கலத்தில் விட்டால், ஆக்சிஜன் செலவாகச் செலவாகத் திரையில் கோடு கீழே இறங்கும்.

முதல் தொல்லை, எரிபொருளாக எடுத்துக்கொண்ட பால்மிட்டேட் என்ற கொழுப்பு அமில உப்பே. பால்மிட்டிக் அமிலம் சுமார் 63 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; நீரில் கரையாது. சோடியம் உப்பாக வாங்கி வெந்நீரில் கலக்கினேன். நுரைத்தது, ஆறியதும் வெள்ளைத் துகள்களாகத் திரண்டது. நான் தயாரித்திருந்தது சோப்புக் கரைசல் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்து எத்தனாலில் கரைத்து, ஏற்கெனவே குளூட்டமேட், மாலேட் என்ற வேறு எரிபொருள்கள் இருந்த கலத்தில் சில மைக்ரோலிட்டர் விட்டதும் கோடு சரசரவென்று இறங்கியது. கொழுப்பு எரிகிறது என்று பூரித்துப்போய் வழிகாட்டியிடம் ஓடினேன். படத்தைப் பார்த்த அவர் கேட்டது ஒரே கேள்வி: "அடினோசின் டைபாஸ்பேட் சேர்க்கவே இல்லையே, அப்புறம் எதற்கு இந்த வேகம்?" டைபாஸ்பேட்டை ஆற்றல் நிறைந்த டிரைபாஸ்பேட்டாக்கும் வேலை இருந்தால்தான் மைட்டோகாண்ட்ரியா வேகமாக எரிக்கும். (தமிழில் சுருக்கினால் டைபாஸ்பேட்டும் டிரைபாஸ்பேட்டும் ஒரே எழுத்துகளாகிவிடும் என்பதால் முழுப் பெயரையே எழுதுகிறேன்.) கட்டற்ற கொழுப்பு அமிலம் உட்சவ்வின் வழியே, டிரைபாஸ்பேட் தயாரிப்பை ஓட்டும் புரோட்டான்களைக் கசிய விட்டிருக்கிறது, மைட்டோகாண்ட்ரியா கலத்தில் இருந்த மற்ற எரிபொருளை வீணாக எரித்து வெப்பமாக்கிக்கொண்டிருந்தது.

உடல் ஏன் கொழுப்பு அமிலத்தைத் தனியே நடமாட விடுவதில்லை என்பது அன்று விளங்கியது. அட்ரினலின் சுரந்ததும் கொழுப்புத் திசுவில் சேமித்த கொழுப்பான டிரைகிளிசரைடு உடைகிறது. வெளிவரும் அமிலத்தை இரத்தத்தில் உடனே அல்புமின் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. தசைச் செல்லின் சவ்வைக் கடந்ததும், கொழுப்பு அமிலத்தைப் பிணைக்கும் சிறு புரதம் ஒன்று அதை வாங்கிக்கொள்கிறது. வலசை போகும் கரைப்பறவைகளின் மார்புத் தசையில் அந்தப் பருவத்தில் இந்தப் புரதம் கூடுகிறது. 2007-இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்து வரை 11,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்த பட்டைவால் மூக்கனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதன் கொழுப்புச் சேமிப்பைவிட இந்தச் சுமைகூலி வேலைதான் எனக்குப் பெரிய வியப்பு.

ஆகவே நானும் அல்புமினிடம் போனேன். வெதுவெதுப்பான அல்புமின் கரைசலைக் கலக்கியபடியே பால்மிட்டேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் பால்போல் கலங்கிப் பிறகு தெளிந்தது. கசிவு நின்றது. கூடவே எல்லாமும் நின்றது: கொழுப்பு அமிலத்தை எரிப்புக்குத் தயார்செய்யும் கோ-என்சைம் ஏ, டிரைபாஸ்பேட், பிறகு மாலேட் என்று கையிலிருந்த அனைத்தையும் சேர்த்தும் கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது.

இரண்டு வாரம் மைட்டோகாண்ட்ரியாவைக் குறை சொன்னேன். கடைசியில் பால்மிட்டோயில் கார்னிட்டைனை (கார்னிட்டைன் என்ற சுமந்து செல்லும் சிறு மூலக்கூறோடு ஏற்கெனவே இணைந்த பால்மிட்டேட்) மாலேட்டோடு சேர்த்துப் பார்த்தபோது, டைபாஸ்பேட் விட்ட நொடியே கோடு ஒழுங்காக இறங்கியது. உள்ளே உலை நன்றாகத்தான் இருக்கிறது; கதவில்தான் கோளாறு. நான் பார்த்து எழுதிய செய்முறை, முன்பு இருந்த ஒரு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து வந்தது. அவர் கார்னிட்டைன் ஏற்கெனவே சேர்ந்த ஆயத்தப் பொருளைப் பயன்படுத்தியதால், பட்டியலில் கார்னிட்டைனைத் தனியாக எழுதவில்லை. நானும் சேர்க்கவில்லை. கோ-என்சைம் ஏ-யுடன் இணைந்த நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலம் உட்சவ்வைத் தானாகக் கடக்காது. வெளிச்சவ்விலுள்ள நொதி அதைக் கார்னிட்டைனுக்கு மாற்றிக் கொடுத்தால்தான் உள்ளே போகும். பாடமாக இதை ஒப்பித்துத் தேர்வும் எழுதியவன் நான் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

கார்னிட்டைன் சேர்த்த அன்று கோடு இறங்கியது. சோதனைக்காக மாலேட்டை மட்டும் சேர்க்காமல் பார்த்தேன். சற்று நேரத்தில் தளர்ந்தது. ஒரு பால்மிட்டேட் 7 சுற்றுகளில் 8 அசிட்டைல் துண்டுகளாகிறது; அவற்றை ஏற்று, எரித்து முடிக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் சேர்க்கும் ஆக்சலோஅசிட்டேட்டுக்கு மாலேட் தேவை.

ஏழாம் வாரம் வழிகாட்டி மலோனைல் கோ-என்சைம் ஏ கரைசலைக் கொஞ்சம் கொடுத்தார். சர்க்கரை தாராளமாகக் கிடைக்கும்போது செல் அதைத் தயாரித்துக் கார்னிட்டைன் கதவைச் சாத்துகிறது. ஓடிக்கொண்டிருந்த கலத்தில் ஒரு சொட்டு விட்டேன், கோடு படுத்துவிட்டது. அதே கலத்தில் பால்மிட்டோயில் கார்னிட்டைன் விட்டதும் மீண்டும் இறங்கத் தொடங்கியது. அந்தப் படத்தைத்தான் ஆய்வேட்டின் முதல் படமாக வைத்தேன்.