கம்பி தேய்ந்ததற்கு யார் காசு கட்டுவது?

லண்டனில் நான் வேலை பார்க்கும் ஆலோசனை நிறுவனத்தில் என் தலையில் விழுந்து, அப்புறம் போகவே போகாத வேலை இது: ரயில் ஓடுவதால் மேலே போகும் மின்கம்பி எவ்வளவு தேய்கிறது, அந்தத் தேய்மானத்துக்கு ரயில் கம்பெனிகளிடம் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போடுவது. ஊரில் யாராவது கேட்டால் ‘ரயில்வே சம்பந்தமான வேலை’ என்று சொல்லி முடித்துக்கொள்வேன். ஆவடி பக்கம் ரயில்வேயில் இருக்கும் நண்பன் மட்டும் விடவில்லை. “கம்பியும் உங்களோடது, வண்டியும் உங்களோடதுன்னா யாருடா யாருக்குப் பில் போடுறது?” என்றான். நியாயமான கேள்விதான், இந்தியாவில் பெரும்பாலும் இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து.

பிரிட்டனில் அப்படி இல்லை. 1993 சட்டத்துக்குப் பிறகு தண்டவாளம், சிக்னல், மின்கம்பி எல்லாம் ஒரு கையில், ரயில்கள் வேறு பல கைகளில் என்று பிரித்துவிட்டார்கள். இன்று அந்த முதல் கை அரசுக்குச் சொந்தமான நெட்வொர்க் ரயில். அதன் பாதையில் ஓட ஒரு ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் ஏழாவது அட்டவணையில்தான் கட்டணங்கள் எல்லாம் இருக்கின்றன. தண்டவாளத் தேய்மானத்துக்கு ஒரு வரி, வாங்கிய மின்சாரத்துக்கு ஒரு வரி, மின்சாரம் கொண்டுவரும் சாமான்களின் தேய்மானத்துக்குத் தனியாக ஒரு வரி. புதிதாக வருபவர்கள் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். கரண்ட் பில் வேறு, கம்பி தேய்ந்த பில் வேறு.

தண்டவாளக் கட்டணம் நுணுக்கமானது. ஒவ்வொரு வகைப் பெட்டிக்கும் தனி விலை உண்டு: அச்சின் எடை, வேகம், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை என்று எல்லாம் உள்ளே போகும். சாதுவான வண்டிக்குக் குறைவு, முரட்டு வண்டிக்கு அதிகம். மின்கம்பிக்கு வந்தால் அந்த நுணுக்கம் எல்லாம் காணாமல் போய்விடும். பயணிகள் ரயிலுக்கு இரண்டே விலைகள்தான்: 25,000 வோல்ட் ஏசி கம்பிக்கு ஒன்று, லண்டனுக்குத் தெற்கே, மேலே கம்பி இல்லாமல் பாதையோரமாக மின்சாரம் தாங்கிப் போகும் 750 வோல்ட் டிசி மூன்றாம் தண்டவாளத்துக்கு ஒன்று. மின்சாரத்தில் ஓடிய பெட்டி மைலை (ஒரு பெட்டி ஒரு மைல் ஓடினால் ஒரு பெட்டி மைல்) அந்த விலையால் பெருக்கினால் பில் ரெடி.

கழற்றிய கம்பித் துண்டு ஒன்று எங்கள் ஆபீஸில் பேப்பர் வெயிட்டாகக் கிடக்கிறது. நல்ல செம்பு, புதிதாக இருந்தபோது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தடிமன் இருந்திருக்கும். மேல்பாதியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் பள்ளம், தொங்கவிடும் கிளிப் அதில்தான் கவ்வும். கீழ்ப்பக்கம் மட்டும் உளியால் சீவியதுபோல் தட்டை, விரலால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். ஓரிடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள், அம்மைத் தழும்பு மாதிரி. அது உரசலால் வந்ததில்லை. ரயில் கூரையில் நின்று கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கை, அதாவது பாண்டோகிராஃப், கம்பியை விட்டு ஒரு கணம் விலகும்போது தீப்பொறி பறக்கிறதே, அதில் உருகிப் போன செம்பு. ஒரே துண்டில் இரண்டு விதத் தேய்மானம். முதலாவதை மைல் கணக்கில் ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டாவது எந்த வண்டி, எந்த வேகம், அன்றைக்கு உறைபனி இருந்ததா, பாண்டோகிராஃப் தலையில் கம்பியை உரசும் கார்பன் பட்டை எந்த நிலையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. குளிர்காலத்தில் விடியற்காலை முதல் ரயில்தான் கம்பியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நீலப் பொறி பறக்கப் போகும், பின்னால் வரும் ரயில்கள் சுத்தமான கம்பியில் சுகமாகப் போகும். விலை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எங்கள் கூட்டங்களில் பாதி நேரம் ஒரு பெரிய பட்டியல் முன்னால் போகும். கம்பி, அதைத் தொங்கவிடும் ட்ராப்பர், இன்சுலேட்டர், கம்பம், அஸ்திவாரம், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: நாளைக்கு ரயில் ஒன்று கூடினால் இதற்கு ஆகும் செலவு கூடுமா? கம்பிக்குக் கூடும், கம்பத்துக்குக் கூடாது. வாடகைக்கு இருப்பவரிடம் சுவரில் அடித்த ஆணிக்குக் காசு கேட்கலாம், மழையில் ஊறிய சுவருக்குக் கேட்க முடியாது இல்லையா, அந்த நியாயம்தான். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து ஷென்ஃபீல்டு போகும் பாதையில் 1949-இல் 1500 வோல்ட் டிசியில் மின்சாரம் வந்தது. (நம் கடற்கரை–தாம்பரம் பாதையும் 1931-இல் அதே 1500 வோல்ட்டில் தொடங்கி, பிறகு 25,000 ஏசிக்கு மாறியதுதான்.) அந்தக் காலத்துக் கம்பி இரண்டு முனையிலும் அசையாமல் கட்டியது, வெயில் ஏறினால் நீண்டு தொங்கும், ரயில்கள் மெதுவாகப் போக வேண்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, தானே இழுவிசையைச் சரிசெய்யும் கம்பி போட்டார்கள். பெரிய செலவு. அந்தச் செலவில் எவ்வளவு ரயில்களால், எவ்வளவு வெயிலால், எவ்வளவு வயசால்? எஞ்சினியர்கள் தலையைச் சொறிந்து ஒரு சதவீதம் சொல்வார்கள், கம்பெனிக்காரர்கள் அதைப் பாதியாகக் குறைக்கப் பார்ப்பார்கள். நான் பார்த்தவரை அந்தச் சண்டைகளில் அளந்து எடுத்த எண்ணைவிட அனுபவசாலியின் வாய்ச்சொல்தான் ஜெயிக்கும். அது தப்பு என்றும் சொல்ல மாட்டேன், முப்பது வருஷம் ராத்திரி ராத்திரியாகக் கம்பி மாட்டியவருக்குத் தெரிவது என் எக்செல் தாளுக்குத் தெரியாது.

மறுபக்கக் கதையை எனக்குச் சொன்னவர் ரயில் டெப்போ ஒன்றில் பாண்டோகிராஃப் பார்க்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இருக்கை. நான் என்ன வேலை என்று சொன்னதும் சிரித்தார். “தம்பி, கம்பி தேயுதெண்டு எங்களிட்டக் காசு வாங்கிறீர். கம்பியில முடிச்சு மாதிரித் துருத்திக்கொண்டு நிக்கிற கிளிப் எங்கட கார்பனை உடைக்குதே, அதுக்கு ஆர் எங்களுக்குத் தாறது?” கார்பன் பட்டைதான் முதலில் தேய வேண்டும் என்றே அதை மென்மையாக வைத்திருக்கிறார்கள், டெப்போவில் அதைச் சீக்கிரம் மாற்றிவிடலாம், கம்பியை மாற்ற வேண்டுமானால் பாதையையே மூட வேண்டும். பட்டைக்குள் காற்றுக்குழாய் ஒன்று ஓடும், பட்டை உடைந்தால் காற்று வெளியேறி பாண்டோகிராஃப் தானாகக் கீழே விழுந்துவிடும், கம்பி பிழைக்கும். ஆக, தியாகம் முழுக்க வண்டியின் பக்கம். ஆனால் தேய்மானக் கட்டணம் ஒரு திசையில்தான் போகும். கம்பி அறுந்து ரயில்கள் நின்றால் தாமதத்துக்கு நஷ்டஈடு தரும் அட்டவணை தனியாக உண்டு, அங்கே கம்பி பாண்டோகிராஃபை உடைத்ததா, பாண்டோகிராஃப் கம்பியை அறுத்ததா என்று துண்டு துண்டாகப் பொறுக்கி வைத்து வழக்கு நடக்கும். தினசரித் தேய்மானத்துக்கு அந்த வழக்கு கிடையாது. அண்ணன் கேட்டதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை, பாயசம் வந்ததும் பேச்சு மாறிவிட்டது.

என் சொந்த மனக்குறை வேறு. பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்குவது ஏசி கம்பிக்குப் பொருந்தவில்லை. கம்பியைத் தொடுவது பெட்டி இல்லை, பாண்டோகிராஃப். லண்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் மேற்குக் கடற்கரைப் பாதையில் 11 பெட்டி பெண்டலினோ ரயில் வழக்கமாக ஒரே பாண்டோகிராஃபைத் தூக்கிக்கொண்டு ஓடும். அதே பாதையில் நாலு நாலு பெட்டியாக மூன்று யூனிட் சேர்ந்த 12 பெட்டி டெசிரோ ரயில் ஓடினால் மூன்று பாண்டோகிராஃப் மேலே. அதிலும் முதலாவது கம்பியை உசுப்பிவிட்டுப் போன பிறகு வரும் இரண்டாவதும் மூன்றாவதும் ஆடுகிற கம்பியில்தான் ஓட வேண்டும், பொறி அங்கேதான் அதிகம். வேகமும் சேர்ந்துதான் கணக்கு, பெண்டலினோ வேகமான வண்டி. ஆனாலும் பில்லில் 11-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம்தான் தெரியும், 1-க்கும் 3-க்கும் உள்ளது தெரியாது. மூன்றாம் தண்டவாளத்தில் பெட்டிக் கணக்கு பரவாயில்லை: அங்கே வோல்ட் குறைவு, ஆம்பியர் ஆயிரக்கணக்கில் ஓடும், நீளமான ரயில் அதிகம் இழுக்கும், இழுப்பதோடு சேர்ந்து சேதமும் கூடும். இதை ஒருமுறை விளக்கப்படத்தோடு எடுத்துச் சொன்னபோது பில் போடும் பிரிவிலிருந்து வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெட்டி மைல் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருக்கிறது, பாண்டோகிராஃப் மைலை யார் எண்ணுவது, எண்ணுகிற செலவு இந்தக் கட்டணத்தையே விழுங்கிவிடாதா என்றார். விழுங்கிவிடாது என்று இன்னமும் நினைக்கிறேன், எந்த யூனிட் எதோடு சேர்ந்து ஓடியது என்பது ஏற்கனவே பதிவாகிறதே.

இன்னொன்று இதைவிட உறுத்தும். பெலிக்ஸ்டோ துறைமுகத்துக்குப் போகும் கிளைப்பாதையில் மின்கம்பி இல்லை. அதனால் அங்கிருந்து வரும் கன்டெய்னர் ரயில்கள் பல இப்ஸ்விச் தாண்டி, தலைக்கு மேலே கம்பி இருந்தும், டீசல் புகை விட்டுக்கொண்டே லண்டன் வரை வரும். கம்பியைத் தொடவில்லை, எனவே கம்பிக் கட்டணம் இல்லை. மின்சாரம், டீசல் இரண்டிலும் ஓடும் இரட்டை முறை ரயில்களும் டீசலில் ஓடும் மைலுக்கு இதைக் கட்டுவதில்லை. விதிப்படி சரிதான், தேய்க்காதவனிடம் எப்படி வாங்குவது? ஆனால் அரசாங்கம் ஒரு பக்கம் டீசலை விடு என்கிறது, மறுபக்கம் டீசலை விட்டவனுக்கு மட்டும் பில்லில் ஒரு வரி கூடுகிறது. 2021-இல் மின்சார விலை எகிறியபோது சரக்குக் கம்பெனி ஒன்று மின்சார எஞ்சின்களை ஓரங்கட்டிவிட்டு டீசலை எடுத்தது. அதற்குக் காரணம் கரண்ட் விலைதான், இந்தச் சின்னத் தேய்மானக் கட்டணம் இல்லை. இருந்தாலும் விலைப்பட்டியல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது.

இப்போது ரயில் கம்பெனிகளை ஒவ்வொன்றாக அரசு திரும்ப எடுத்துக்கொள்கிறது, 2025-இல் மட்டும் சவுத் வெஸ்டர்ன், சி2சி, கிரேட்டர் ஆங்லியா என்று மூன்று போய்விட்டன. தண்டவாளமும் வண்டியும் மறுபடி ஒரே வீட்டுக்கு வரப் போகின்றன. ஆவடி நண்பனுக்கு ஒரே குஷி: “அப்ப உன் வேலை போச்சா?” போகவில்லை. சரக்கு ரயில்கள் தனியாரிடம்தான் இருக்கின்றன. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு முழுக்க மின்சாரத்தில் ஓடும் லூமோ மாதிரி சொந்த ரிஸ்கில் ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் நியாயமான விலை கேட்க வேண்டுமானால் அரசு தன் ரயிலால் தன் கம்பி எவ்வளவு தேய்கிறது என்று தனக்கே ஒரு பில் போட்டுப் பார்த்துத்தான் ஆக வேண்டும். இப்போதைய ஐந்தாண்டுக் கட்டணங்கள் 2029 மார்ச் வரை. அதற்கு அடுத்த கணக்குக்கான கூட்டங்களுக்கு என் பாண்டோகிராஃப் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதாகத்தான் இருக்கிறேன்.