படகு அதிராத காபி

போன மே மாதம் அக்கா, மாமா, நான் மூன்று பேரும் ஒரு வாரம் லங்கோலன் கால்வாயில் வாடகைப் படகில் இருந்தோம். இங்கிலாந்தின் செஷயர் பக்கம் தொடங்கி வேல்ஸ் மலையடிவாரம் வரை போகிற கால்வாய். படகின் அகலம் 6 அடி 10 அங்குலம்தான். படகை ஏற்றி இறக்குகிற மதகுகளை அந்தக் காலத்தில் ஏழடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள், படகும் அதற்குள் அடங்கியாக வேண்டும். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. கரையில் நாயோடு நடப்பவர்கள் நம்மை முந்திக்கொண்டு போவார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எல்ஸ்மியர் என்கிற ஊருக்கு வந்து சேர்ந்தோம். நல்ல கூட்டம். கரையில் இடமே இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்த ஒரு படகுக்காரர் எங்களைப் பார்த்து, "என் பக்கத்தில் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் படகிலேயே குடியிருப்பவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கால்வாயில் இப்படி விலாவோடு விலா சேர்த்துக் கட்டுவது சகஜம். நடுவில் ஒரு ரப்பர் உருளை, அவ்வளவுதான் இடைவெளி.

மே மாதம் அங்கே ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. ஐந்தரைக்கு எழுந்த நான், அக்கா வாங்கி வைத்திருந்த வறுத்த கொட்டையைச் சின்ன மின்சார அரவையில் போட்டு பொத்தானை அழுத்தினேன். வீட்டில் அந்தச் சத்தம் சமையலறையைத் தாண்டாது. இங்கே கீழே, பக்கத்தில், மேலே எல்லாமே இரும்புத் தகடு. படகு முழுக்க ஒரு தவில் மாதிரி அதிர்ந்தது. பக்கத்துப் படகின் ஜன்னல் திரை விலகியது. உடனே நிறுத்தினேன். மனசு உண்மையிலேயே சங்கடப்பட்டது. இடம் கொடுத்த மனிதரை விடியற்காலையில் எழுப்பிவிட்டோமே.

எட்டு மணிக்கு மேல் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் நான் கவனிக்காத ஒன்றைச் சொன்னார். "அரவை பத்து நொடியில் நின்றுவிட்டது. அதற்கு முன்னால் நாலைந்து தடவை குழாயைத் திறந்தீர்களே, அதில்தான் விழித்துக்கொண்டேன்."

படகில் தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் இருக்கும். குழாயைத் திறந்தால் 12 வோல்ட் பம்பு ஓடித்தான் தண்ணீர் வரும். அந்தப் பம்பு தரையோடு திருகியிருப்பதால், அரை டம்ளர் தண்ணீர் பிடித்தாலும் கடகடவென்று படகு பூராவும் கேட்கும். சுவரை ஒட்டிப் படுத்திருக்கிற பக்கத்துப் படகுக்காரருக்கும் கேட்கும்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன். அப்போதுதான் பையிலிருந்த எவர்சில்வர் ஃபில்டரின் அருமை தெரிந்தது. யோசித்துப் பாருங்கள், உலகத்தில் காபி போடுகிற சாமான்களில் அதைவிடச் சாதுவானது இருக்கிறதா? சீறாது, விசிலடிக்காது, மின்சாரம் கேட்காது. மேல் அடுக்கில் பொடி, கீழ் அடுக்கில் டிகாக்‌ஷன், நடுவில் ஓட்டைகள். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

அரைப்பதைப் பகலுக்குத் தள்ளினேன். படகு ஓடும்போது எஞ்சின் எப்படியும் உறுமிக்கொண்டிருக்கும், பேட்டரியும் ஏறிக்கொண்டிருக்கும். அரவைச் சத்தம் அதில் கரைந்துபோகும். சிக்கரி கையில் இல்லை. சிக்கரி கலந்த பொடி தண்ணீரைப் பிடித்துவைத்து நிதானமாக இறக்கும். வெறும் கொட்டைப் பொடியில் தண்ணீர் மளமளவென்று இறங்கி டிகாக்‌ஷன் நீர்த்துவிடும். அதனால் கொஞ்சம் நைசாக அரைத்து, குடைக்கட்டையால் வழக்கத்தைவிட அழுத்திவிட்டேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு, படகைக் கட்டி முடித்த பிறகுதான் ஃபில்டர் போடுவது. ஓடும் படகு கரையில் ஒரு இடி இடித்தாலும் பொடி ஒருபக்கமாகச் சரிந்துவிடும். கொதிநீரை ஊற்றி மூடி, கரி அடுப்பை ஒட்டிய பலகையில் வைத்துவிடுவேன். படுக்கப்போகும் முன்பு காலைக்கு வேண்டிய தண்ணீரைக் கெட்டிலில் நிரப்பி, அதன் விசில் மூடியைக் கழற்றி வைப்பேன். இனி விடியும்வரை குழாயைத் தொட வேண்டியதில்லை.

காலையில் செருப்பில்லாமல் நடப்பேன். வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டிகாக்‌ஷனை வைத்தால் போதும், சூடேறிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் கசந்துபோகும். நீல மூடி போட்ட முழுப்பாலைச் சின்னத் தீயில் காய்ச்சினேன். பாதிக் கொழுப்பு எடுத்த பச்சை மூடிப் பால் நம் காபிக்குத் தாங்காது. டபரா டம்ளரில் உயரத் தூக்கி ஆற்றுவதும் சத்தம்தான், அதனால் அடி தடித்த பீங்கான் கோப்பைகளில் இரண்டே ஆற்று. நுரை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இன்னொன்று, குளிருகிறதே என்று கூரையிலுள்ள காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைத்துவிடாதீர்கள். கரி அடுப்பும் கேஸும் எரிகிற மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து.

சக்கையைப் பாத்திரத் தொட்டியில் கழுவி விடக்கூடாது. அந்தத் தண்ணீர் நேரே கால்வாய்க்குத்தான் போகிறது. இந்தக் கால்வாயோ டீ (Dee) என்கிற ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து, மறுகோடியில் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அது செஷயர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீர். நான் சக்கையைக் காகிதத்தில் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்டேன்.

நான்காம் நாள் பான்ட்கசில்தே மேம்பாலக் கால்வாயைக் கடந்தோம். 1805இல் திறந்தது. பள்ளத்தாக்குக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில், 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு இரும்புத் தொட்டியில் படகு போகிறது. ஒருபக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் கம்பி கிடையாது. அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை.

லங்கோலன் ஊரில் கடைசி ராத்திரி. எங்களை ஒட்டி ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. கட்டியிருக்கும் படகில் ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை எஞ்சின் போடக்கூடாது என்பது கால்வாயின் விதி. மறுநாள் ஆறு மணிக்கு மாமாவும் நானும் பின்பக்கத் தட்டில் கோப்பையோடு உட்கார்ந்திருந்தோம். தண்ணீரில் ஒரு சலனம் இல்லை. குழந்தையின் ஜன்னல் திரை மூடியே இருந்தது. "டிகாக்‌ஷன் இன்னும் இருக்கா?" என்று மாமா சைகையில் கேட்டார். இருந்தது. எட்டு மணிக்கு வரிசையாக எஞ்சின்கள் கிளம்பியபோது நாங்கள் இரண்டாவது கோப்பையையும் முடித்திருந்தோம்.