பயிற்சி யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும்?

திட்ட மேலாண்மைப் பயிற்சிக்காக நிறுவனங்கள் என்னைப் போன்றவர்களை அழைக்கும்போது, பாடத்திட்டம், கட்டணம், எத்தனை பேர் பிஎம்பி என்ற திட்ட மேலாளர் தகுதிச் சான்றிதழ் பெறுவார்கள் என்பவையே முதலில் பேசப்படுகின்றன. அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனம் எந்தத் திசையில் போக நினைக்கிறது, கெட்ட செய்தியைக் கொண்டுவருபவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று நான் கேட்டால், அவையெல்லாம் எச்ஆர் (மனிதவள) துறையின் கையில் இல்லை என்ற பதில் வருவதுண்டு. அது உண்மைதான், சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

நாசாவின் அனுபவத்தை இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த பிறகு, திட்ட மேலாளர்களுக்கென்றே ஒரு பயிற்சி அமைப்பை நாசா உருவாக்கி வளர்த்தது. ஆனால், 1990-களில் 'விரைவாக, சிறப்பாக, மலிவாக' என்பதே தலைமையின் கொள்கையாக இருந்தது; 1999-இல் செவ்வாய்க்கு அனுப்பிய இரண்டு கலங்கள் அடுத்தடுத்துத் தொலைந்தன. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்ட 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையைத் தாக்கியது. சேதத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டும் அது நடக்கவில்லை. கலம் பாதுகாப்பானது என்று மேலாளர்கள் நிரூபிப்பதற்கு மாறாக, பாதுகாப்பற்றது என்று பொறியாளர்கள் நிரூபிக்க வேண்டிய நிலை அங்கே உருவாகியிருந்தது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட எழுவர் உயிரிழந்தனர். விபத்துக்கு நுரைத்துண்டு எவ்வளவு காரணமோ, அதே அளவுக்கு அமைப்பின் பண்பாடும் காரணம் என்று விசாரணைக் குழு எழுதியது.

அதற்குப் பின் நடந்த இரண்டு மாற்றங்கள் என் தொழிலுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. 2004-இல் அந்தப் பயிற்சி அமைப்பு மனிதவளத் துறையிலிருந்து தலைமைப் பொறியாளர் அலுவலகத்துக்கு மாற்றப்பட்டது. பின்னர், மாற்றுக்கருத்து உள்ளவர் அதை மேல்மட்டம் வரை முறையாகக் கொண்டுசெல்லும் வழிமுறை திட்ட மேலாண்மை விதிகளிலேயே இடம்பெற்றது. வகுப்பில் 'துணிந்து பேசுங்கள்' என்று சொல்லிக்கொடுப்பதைவிட, பேசியவருக்கு விதி துணைநிற்கும் என்ற நிலையை ஏற்படுத்துவது பல மடங்கு பயனுள்ளது என்பது என் கருத்து.

நம் ஊர் நிறுவனங்களில் விண்கலம் இல்லை என்றாலும் ரிவியூ கூட்டம் இருக்கிறது. பங்கேற்பாளர்களிடம், நடந்துகொண்டிருக்கும் ஒரு திட்டத்தின் கடைசி மூன்று மாத ரிவியூ ஸ்லைடுகளைக் கொண்டுவரச் சொல்வேன். முடிவுத் தேதி ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போயிருக்கும். ஆனால் நிலையைக் காட்டும் கட்டம் மூன்றிலும் பச்சையாகவே, அதாவது எல்லாம் சரியாகப் போகிறது என்றே இருக்கும்; சிக்கல் என்றால் அது சிவப்பாக வேண்டும். ஏன் என்று கேட்டால் யாராவது ஒருவர் சிரித்துக்கொண்டே, "சிவப்பு போட்டால் மறுநாள் முதல் தினமும் காலையில் விளக்கம் கொடுக்க வேண்டும் சார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால், திட்டத்தில் என்னென்ன தவறாகலாம் என்ற ரிஸ்க் பட்டியலைத் தயாரிப்பது எப்படி என்ற என் அரைநாள் பாடம் நிற்காது.

ஆகவே இப்போது, பயிற்சியின் இறுதி அமர்வில் அந்தத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரி வந்து அமர்ந்து, அதே ஸ்லைடுகளைத் தம் குழுவுடன் மறுபடி நிரப்ப வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு நேரமில்லை என்றால், அட்டவணை மென்பொருளை மட்டும் கற்றுத்தரும் குறுகிய வகுப்பே போதும், அதற்குக் கட்டணமும் குறைவு என்று சொல்லிவிடுகிறேன்.