சாப்பிட்டு முடிச்சாச்சா?

ரங்கூனில் சீனர்கள் அதிகம் வாழும் லத்தா பகுதியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம் எங்களுடையது. ஒவ்வொரு மாடியிலிருந்தும் தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப். பேப்பர்காரர் அதில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான் இரண்டாம் மாடி. எனக்கு நேர் மேலே ஹொக்கியன் சீனப் பாட்டி. நான் அவரை ‘அப்வா’ என்பேன். அவருக்கு நான் ‘தா’. பர்மியத்தில் மகன் என்று அர்த்தம், எனக்கு 54 வயசானாலும்.

ஏப்ரல் 4 அல்லது 5-இல் சிங்மிங் வரும். சீனர்கள் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், புல் செதுக்கிப் படைத்துவிட்டு வருவார்கள். பாட்டிக்கு முழங்கால் வலி, மாடி இறங்க முடியாது. மகன் கல்லறைக்குப் போய்விட்டார், வீட்டுப் படையல் இவர் பொறுப்பு. மேசையை நகர்த்தித் தர என்னைக் கூப்பிட்டார். ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துத்தான் போனேன்.

தலையோடு முழுக்கோழி, பொரித்த மீன், பன்றிக்கறி, சின்னக் கிண்ணங்களில் சோறு, மூன்று கோப்பை டீ. எல்லாம் ஒரு மரப்பலகைக்கு முன்னால். பலகை ஒரு சாண் உயரம் இருக்கும். படம் கிடையாது, தாத்தாவின் பெயரும் கூடவே சில எழுத்தும் மட்டும்தான். அந்த எழுத்துகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினார் பாட்டி. பலகை எழுதும்போது அதை ‘அரசன்’ என்று பொருள்படும் எழுத்தாக எழுதி நிறுத்திவிடுவார்களாம். பிறகு சடங்கு செய்து, மேலே சிவப்பு மையால் ஒரே ஒரு புள்ளி. அது ‘தலைவன்’ என்று மாறிவிடும், இறந்தவரும் பலகைக்கு வந்துவிடுவார். ஸ்தபதி கடைசியாக உளி வைத்துச் சாமிக்குக் கண் திறப்பாரே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பழைய சீன ஞானி கன்பூசியஸின் கோயில்களிலேயே சிலைகளை எடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை வைக்கும்படி 1530-இல் மிங் பேரரசர் ஜியாஜிங் உத்தரவு போட்டிருக்கிறார். முகத்தைவிடப் பெயர் பெரிசு போல.

மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். பத்தி பாதி எரிந்ததும் மடியிலிருந்து இரண்டு பழைய பர்மியச் சில்லறை, பியா காசு எடுத்தார். ஒரு பக்கம் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் தலை, மறுபக்கம் எண். இப்போது இங்கே எல்லாமே நோட்டுதான், காசு கடையில் செல்லாது. இந்த ஒரு வேலைக்காகவே வைத்திருக்கிறார். ஒன்று தலை, ஒன்று எண் என்று விழுந்தால் தாத்தா சாப்பிட்டு முடித்துவிட்டார். இரண்டும் ஒன்றாக விழுந்தால் இன்னும் இல்லை.

தரையில் போட்டார். இரண்டும் தலை.

“எப்பவும் மெதுவாத்தான் சாப்பிடுவார்” என்றார், சமையலறையைப் பார்த்து யாரிடமோ சலித்துக்கொள்வதுபோல.

பத்து நிமிஷம் கழித்து இரண்டும் எண். எழுந்து டீ ஊற்றினார். எனக்குக் கடை திறக்கிற நேரம், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது. அதற்கப்புறம்தான் பால்கனித் தகர டின்னில் காகிதப் பணத்தை எரித்தார்.

முன்னோர் படையல் என்றாலே கன்பூசியஸ் பெயரைச் சொல்வார்கள். ஆனால் பாட்டி வீட்டில் அவர் படம் எதுவும் இல்லை. பாட்டி போகிற ஸ்ட்ராண்ட் ரோட்டு ஹொக்கியன் கோயிலிலும் கடல் தெய்வமான மாசூ அம்மன்தான் நடுநாயகம். முன்னோருக்குப் படைப்பதும் கன்பூசியஸ் கண்டுபிடித்ததல்ல, அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே ஷாங் வம்ச மன்னர்கள் செய்தார்கள். எப்படிச் செய்வது என்பதில்தான் அவர் பிடிவாதம். அமாவாசைச் சடங்குக்கு வீணாக ஆடு எதற்கு, நிறுத்திவிடலாமே என்று சீடர் சிகோங் கேட்டதற்கு, உனக்கு ஆடு பெரிசு, எனக்குச் சடங்கு பெரிசு என்றாராம். படைக்கும்போது முன்னோர் எதிரிலேயே இருப்பதுபோல் படைக்க வேண்டும். நான் நேரில் நிற்காத படையல் படைக்காததுபோலத்தான் என்றும் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கடைசி வரி என்னைக் குத்தியது. போன வருஷம் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க நான் போகவில்லை. கடையில் சரக்கு இறங்குகிற நாள். போனில் பணம் அனுப்பினேன், எனக்காகச் செய்துவைத்தவர்கள் போட்டோ அனுப்பினார்கள். சீட்டில் அப்பா பெயர் ஒரு எழுத்து தப்பு. இரண்டு வாடிக்கையாளருக்கு நடுவில் அதைப் பார்த்தேன், கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன். தப்பைச் சொல்லித் திருத்தக்கூட இல்லை.

இந்த ஆடி அமாவாசைக்குக் கடையை மூடினேன். தர்ப்பணம் முடித்து வந்து, பால்கனியில் வாழை இலைத் துண்டில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல் வைத்துக் கூப்பிட்டேன். ரங்கூனில் காக்காய்க்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாம் தின்று கொழுத்தவை. மழை வேறு கொட்டுகிறது. எதிர்க் கம்பியில் ஏழெட்டு நனைந்துபோய் உட்கார்ந்திருந்தன, ஒன்றும் அசையவில்லை. “கா, கா” என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மேலே ஜன்னல் திறக்கிற சத்தம். பாட்டியின் கயிறு என் பால்கனிக்கு நேராக இறங்கி வந்து நின்றது. கிளிப்பில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே அந்த இரண்டு காசு.

துடைத்துவிட்டுத் தரையில் போட்டேன். இரண்டும் தலை.

உள்ளே போய் நாற்காலியை எடுத்து வந்தேன்.