எட்டு அவுன்ஸ் மைதா

அலுவலகத்தில் பாட்லக், அதாவது ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து பகிர்ந்து சாப்பிடும் விருந்து. "நீ வழக்கம்போல லெமன் ரைஸ்தானே?" என்று ஒருவர் கேட்டதில் ரோஷம் வந்து, கேக் கொண்டுவருகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். நியூ ஜெர்சிக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. செய்முறையில் எட்டு அவுன்ஸ் மைதா. கண்ணாடி அளவுக் கோப்பையில் 8 அவுன்ஸ் என்று சிவப்புக் கோடு. கோடு வரை கொட்டினேன். நாற்பது நிமிடம் கழித்து ஓவனைத் திறந்தால், கரண்டியால் மொண்டு ஊற்றுகிற பதத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் லெமன் ரைஸ்தான் போனது.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. இங்கே அவுன்ஸில் இரண்டு ஜாதி. ஒன்று எடை, 28 கிராம் சொச்சம். இன்னொன்று திரவ அவுன்ஸ், 30 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. கோப்பையில் இருந்தது இரண்டாவது. அந்தக் கோடு வரை மைதா கொட்டினால் 125 கிராம் வரும். கேக் கேட்டதோ 227. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்த மகராசன் யாரோ! பாலுக்கும் தண்ணீருக்கும் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்துவிடும். மைதாவில்தான் குட்டு உடையும்.

வெண்ணெயை 'ஸ்டிக்' கணக்கில் எழுதுகிறார்கள். 113 கிராம், அரை கப். அதை மட்டும் மன்னித்துவிட்டேன். சுற்றியிருக்கும் காகிதத்திலேயே ஸ்பூன் கோடு போட்டிருக்கிறது. கப்பும் ஊருக்கு ஊர் வேறு. இங்கே 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் இருக்கும் சித்தி மகளுக்கு 250. டேபிள்ஸ்பூன் எனக்கு 15 மில்லி, அவளுக்கு 20. ரைஸ் குக்கரோடு வந்த கப் ஜப்பான் கணக்கில் 180.

இப்போது எல்லாம் பழகிவிட்டது. மேடையில் மின்தராசு, ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல்: ஒரு கப் மைதா 125 கிராம், சர்க்கரை 200, அரிசி 185. கேக் ஒழுங்காக வருகிறது.

சாம்பார்தான் வரவில்லை. அம்மா சொன்ன அளவு: அரை ஆழாக்கு துவரம்பருப்பு, எலுமிச்சை அளவு புளி. எந்த எலுமிச்சை? இங்கே கிடைப்பது நம்மூர்ப் பழத்தைப்போல இரண்டு மடங்கு. அதை நம்பிக் கரைத்து ஒரு வாரம் பல் கூசியது. இட்லியில் இந்த வம்பே இல்லை. நாலுக்கு ஒன்று, எந்த டம்ளரில் அளந்தால் என்ன?

ஆழாக்கு என்றால் 168 மில்லி. ஆனால் எங்கள் வீட்டுப் பித்தளை ஆழாக்கு என் கையிலிருந்து கிணற்றடியில் விழுந்து அடி நசுங்கியது. பெரிய படியில் நெல் அளக்கும்போது தாத்தா "ஒண்ணு" என்று சொல்ல மாட்டார். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் ஆரம்பிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து இந்த ஆழாக்கால் மண்ணை அளந்துகொண்டிருப்பேன்.

போன வாரம் அம்மாவிடம் போனில், அந்த ஆழாக்கில் பருப்பை நிரப்பி முக்குக் கடைத் தராசில் நிறுத்துச் சொல்லேன் என்றேன்.

"அரிசின்னா கோபுரமா அளப்பேன், பருப்புன்னா தலை தட்டி. ஆனா நாலு பேர் வந்துட்டா பருப்பும் கோபுரம்தான். இதுல எதை நிறுக்கச் சொல்றே?"

பட்டியலில் ஆழாக்குக்கு எதிரே இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.