எதுக்கு ஓகே சொன்னேன்

ஜூலை 3, புதன்

எழுதிட்டிருக்கப்ப கம்ப்யூட்டர் எத்தன தடவ குறுக்க வந்து தொந்தரவு பண்ணுதுன்னு பேப்பர்ல கோடு போட்டு எண்ணிட்டு வரேன். இன்னிக்கு 11.

ஜூலை 4, வியாழன்

தீசிஸ் நாலாவது அத்தியாயத்துல ரெண்டு நாளா பிடிபடாத ஒரு பாரா இன்னிக்கு தானா வந்துச்சு, கை ஓடுது, நான் கீபோர்ட பாத்துதான் டைப் பண்ணுவேன், ஸ்க்ரீன பாத்து அடிக்கிற பழக்கம் இத்தன வருஷத்துல வரல, முடிச்சிட்டு என்டர் தட்டி நிமிந்தா ஒரு பெட்டி மறையுது. வந்தத பாக்கல, போனததான் பாத்தேன். ஏதோ கேட்டிருக்கு, நான் தட்டுன என்டர் அதோட பட்டன்ல விழுந்திருக்கு. பாராவோட கடைசி ரெண்டு வரியக் காணோம், அதையும் அந்தப் பெட்டிக்குத்தான் அடிச்சிருக்கேன் போல. சரி, வரி போனா போகுது. எதுக்கு ஓகே சொன்னேன்?

ஜூலை 5, வெள்ளி

கைடு மெயில் வரல. 14.

ஜூலை 6, சனி

நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணித் தொலக்கான்னு தங்கச்சி சொல்றா. மூணாவது அத்தியாயத்துக்கு பதில் வந்தா எப்படிடீ தெரியும்னேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா நீயே போய் பாருங்கிறா. என்னை தொந்தரவு பண்ற வேலையையும் நானே பாக்கணுமாம்!

ஜூலை 8, திங்கள்

தங்கச்சி ரெஜிஸ்ட்ரிக்குள்ள, அதான் விண்டோஸ் தன் செட்டிங்ஸ எல்லாம் உள்ள எழுதி வச்சிருக்க இடத்துக்குள்ள, போய் ஒண்ணு காட்டுனா. நாம ஒரு ப்ரோக்ராம்ல டைப் பண்ணிட்டிருக்கப்ப வேற ப்ரோக்ராம் குதிச்சு முன்னால வரக்கூடாது, கீழ டாஸ்க்பார்ல மின்னிட்டு காத்திருக்கணும்னு விண்டோஸ்லயே ஒரு காவல் இருக்காம். அந்தக் காவல் எவ்வளவு நேரம் நிக்கணும்னு போட்டிருக்க நம்பர் 200000, மில்லிசெகண்ட்ல, அதாவது 200 செகண்ட். மூணு நிமிஷத்துக்கு மேல! எவனோ ஒரு புண்ணியவான் யோசிச்சிருக்கான்னு ஒரு நிமிஷம் மனசு குளுந்துச்சு. அப்ப அன்னிக்கு வந்த பெட்டி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, அது வெளியாள் இல்லக்கா, நீ டைப் பண்ணிட்டிருந்த எடிட்டரே தனக்கு மேல போட்ட பெட்டியா இருக்கும், அதுக்கு இந்தக் காவல் கிடையாதுன்னு சொல்லிட்டு படுக்கப் போயிட்டா. எனக்கு தூக்கம் போச்சு.

ஜூலை 9, செவ்வாய்

மாசத்துல ரெண்டாவது செவ்வாய். விண்டோஸுக்கு அப்டேட் விடுற நாள், 2003லேருந்து இதே கிழமைதான். "நான் வேலை பாக்குற நேரம்"னு செட்டிங்ஸ்ல ஒண்ணு இருக்கு, அந்த நேரத்துல அப்டேட்டுக்காக அதா ரீஸ்டார்ட் ஆகாது, அதிகபட்சம் 18 மணி நேரம்தான் குடுக்க விடுது. காலை 8லேருந்து ராத்திரி 2 வரைக்கும் குடுத்தேன். மிச்ச 6 மணி நேரம் அதுக்கு.

ஜூலை 11, வியாழன்

ராத்திரி 2.10. ஒரு வாக்கியத்துக்கு நடுவுல ரீஸ்டார்ட். 27 சதவீதத்துல நின்னுட்டிருக்கு, நானும் எதிர்ல உக்காந்திருக்கேன்.

ஜூலை 12, வெள்ளி

யோசிக்கிறப்ப ஷிஃப்ட் கீய தட்டுற கெட்ட பழக்கம் எனக்கு. தொடர்ந்து அஞ்சு தட்டு தட்டினா ஸ்டிக்கி கீஸ் வேணுமான்னு கேக்கும். இதுக்கு மட்டும் ஏனோ கோவம் வரல. ரெண்டு கீய ஒண்ணா அழுத்த முடியாதவங்களுக்காக வச்சது, நான்தான் போய் கதவ தட்டுறேன், அது யாருன்னு கேக்குது.

ஒண்ணு இப்பதான் உறைக்குது. 4ஆம் தேதிக்கப்புறம் அந்தப் பெட்டி திரும்ப வரவே இல்ல. மத்ததெல்லாம் வருது, இன்னிக்குகூட 9. அது மட்டும் இல்ல. "இனிமே கேக்க வேண்டாம்"னு இருந்ததுக்குத்தான் ஓகே குடுத்துட்டேனோ. அப்ப நான் சரின்னது எதுவோ, அது இப்பவும் உள்ள நடந்துட்டேதான் இருக்கும், கேக்காமலே.

ஜூலை 13, சனி

எழுதல.

ஜூலை 14, ஞாயிறு

10.40க்கு வலது கீழ் மூலைல கைடு பேரு. கீழ ஒரு வரி, "அத்தியாயம் 3 படிச்சேன். ஒரே ஒரு", அதுக்கு மேல இடமில்ல, அஞ்சு செகண்ட்ல உள்ள போயிருச்சு.

இப்ப 11.20. இன்னும் திறக்கல.